மார்கழிப் பனியில் பொதிகை

கேள்வி: பனிக்கால ஜப்பானின் கோயில்களையும் மலைகளையும் படம் எடுக்க ஆசை. செலவுதான் மலைக்க வைக்கிறது. நெல்லைப் பக்கம் அப்படி ஏதாவது உண்டா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வெண்பனி மூடிய கூரை இங்கே கிடைக்காது. ஆனால் மார்கழி, தை விடியலில் திருப்புடைமருதூருக்குப் போய்ப் பாருங்கள். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் ஊர். ஆற்றின் மேல் தவழும் மூடுபனி, படித்துறை, நாறும்பூநாதர் கோயில் கோபுரம், மரமெல்லாம் பறவைகள். எனக்கு இதற்கு இணையான காட்சி வேறில்லை.

பொதிகை மலை மேற்கே இருப்பதால் காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும். மழை ஓய்ந்த மறுநாள் காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கும். மடிப்பு மடிப்பாக மலை தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னே இறங்கிவிடுவதால் வெறும் நிழலுருவம்தான் மிஞ்சும். அதுவும் அழகுதான், பாபநாசத்தில் நின்று எடுத்தால்.

திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் பழைய சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் உண்டு. அனுமதி கேட்காமல் கேமராவை எடுக்க வேண்டாம்; கோயில்களுக்குள் செல்போனுக்கே 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. அனுமதி கிடைத்தாலும் ஃபிளாஷ் கூடாது, அந்த வண்ணங்கள் தாங்காது.

அங்கே மரங்களில் இருப்பவை ஊர் மக்கள் பொத்திக் காக்கும் பறவைகள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.