நகர மரங்களும் மக்களின் மனப்பான்மையும்

2016ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் வங்கக் கடலின் தென்கிழக்கில் தோன்றிய வர்தா புயல், முதலில் அந்தமான் தீவுகளில் பெருமழை பெய்வித்தது. பின்னர் மேற்கே நகர்ந்து, டிசம்பர் 12ஆம் நாள் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. அன்று அந்நகரில் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. இத்தகைய புயலுக்குப் பின் மக்கள் மனத்தில் எழும் எண்ணங்கள் இரண்டு. மரங்கள் போயினவே என்ற வருத்தம் ஒன்று. வீட்டருகே நிற்கும் மரமும் விழுந்துவிடுமோ என்ற அச்சம் மற்றொன்று. நகர மரங்களின் வாழ்வு இவ்விரு எண்ணங்களுக்கும் இடையே ஊசலாடுகிறது.

மரம் சாய்வதன் காரணம்

புயற்காற்று மட்டுமே காரணமன்று. நீரையும் உப்புக்களையும் உறிஞ்சும் நுண்வேர்களிற் பெரும்பகுதி, நிலத்தின் மேலடுக்கிலேயே, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள், பரவி நிற்கிறது. அவை உயிர்வாழ மண்ணிடையே காற்றும் நீரும் புகவேண்டும். அடிமரம் வரை சிமெண்டு பூசினால் இவ்விரண்டும் தடைப்படுகின்றன. குழாய்க்கும் கம்பிவடத்துக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்துப் பெருவேர்கள் அறுபட்டால், மரம் தன் பிடிப்பை இழக்கிறது. மின்கம்பிக்காக ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் வெட்டினால் பாரம் மறுபுறம் சாய்கிறது. இவ்வாறு பல ஆண்டுகளாக வலுவிழந்த மரத்தைக் காற்று ஒரே நாளில் வீழ்த்துகிறது.

மரத்தின் இனமும் கவனிக்கத்தக்கது. மடகாஸ்கரிலிருந்து வந்த மயிற்கொன்றை விரைவில் வளர்ந்து அழகிய பூக்களைத் தரும். ஆயினும் அதன் கிளைகள் எளிதில் முறியும் இயல்புடையவை. கடற்கரை நகரங்களின் குறுகிய தெருக்களுக்கு அது ஏற்றதன்று.

கண்ணுக்குத் தெரியும் தீங்கும் தெரியாத தீங்கும்

மக்களுக்கு மரங்களின்மேல் அன்பில்லை எனல் பொருந்தாது. பெங்களூரில் இரும்பு மேம்பாலம் ஒன்றுக்காக 812 மரங்களை வெட்ட முனைந்தபோது, 2016 அக்டோபர் 16ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தனர். 2017 மார்ச்சில் அத்திட்டம் கைவிடப்பட்டது. கோடரியைக் கண்டவுடன் மக்கள் திரளுகின்றனர். ஆனால் விளம்பரப் பலகைக்காக அடிக்கப்படும் ஆணியையும், அடிமரத்தில் எரிக்கப்படும் குப்பையையும், வேரை மூடும் சிமெண்டையும் அவர்கள் தீங்காகக் கருதுவதில்லை. சில வேளைகளில் வாசல் தூய்மையாக இருக்கவேண்டுமென்று வீட்டுக்காரரே சிமெண்டு பூசச் சொல்கிறார்.

சட்டம் இங்கு ஓரளவே துணைசெய்யும். மகாராஷ்டிரத்தில் 1975லும், கர்நாடகத்தில் 1976லும், டில்லியில் 1994லும் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குள் உள்ள சிமெண்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் ஆணையிட்டது. ஆயினும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு காவலரை நிறுத்த இயலாது. தெருவில் வாழ்வோரே அக்காவலர் ஆவர்.

பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

வெட்டவே கூடாது என்பதும், தொல்லை தந்தால் வெட்டிவிடுக என்பதும் பராமரிப்பு ஆகா. பட்ட கிளையை உரிய காலத்தில் நீக்குவது மரத்துக்கும் நல்லது, வழிச்செல்வோருக்கும் நல்லது. பெருங்கிளையை வெட்டும்போது, முதலில் அடிப்புறத்தில் சிறிது அறுத்துப் பின்னரே மேலிருந்து அறுக்கவேண்டும். இன்றேல் கிளை முறிந்து பட்டையை உரித்துவிடும். எஞ்சிய கட்டையைக் கிளையடியின் புடைப்பை ஒட்டி நீக்கினால் காயம் விரைவில் மூடும். மரத்தின் உச்சியை மொட்டையடித்தல் தவறு. அங்குத் தளிர்க்கும் புதுக்கிளைகள் உறுதியற்றவை. செய்யும் பணியின் காரணத்தை அத்தெரு மக்களுக்கு முன்கூட்டியே சொல்லுதல் பணியாளரின் கடமையாகும்.

பள்ளி மாணவர்கள் தம் தெருவிலுள்ள மரங்களைக் கணக்கெடுக்கலாம். மரத்தின் பெயர், மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, அடியில் திறந்த மண்ணின் அளவு, ஆணிகளின் எண்ணிக்கை, பட்ட கிளைகள் ஆகியவற்றை ஏட்டில் குறித்து, ஆண்டுதோறும் ஒப்பிடுதல் வேண்டும். தன் கையால் அளந்த மரத்தின் அடியில் சிமெண்டு கொட்டப்படுவதைக் காணும் சிறுவன் அதைப்பற்றி வீட்டில் கேட்காமல் இரான். அக்கேள்வியை எழுப்புவதே இப்பாடத்தின் பயனாம்.