மின்விசை ஏற்கத் தகுந்த மிதிவண்டி எது?

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. மிதிவண்டியில் மின்மோட்டார் பொருத்த விரும்புவோர்க்கும் இது பொருந்தும். மோட்டார் சித்திரம் என்றால் மிதிவண்டியே சுவர்.

மோட்டார் அமைந்த சக்கரம், மின்கலம், கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை இன்று ஒரு தொகுதியாகக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி வீட்டிலுள்ள வண்டியில் தாமே பொருத்திக்கொள்வோர் பலர். நம் பள்ளிக்கு அருகில் வசிக்கும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் ஒருவரும் அவ்வாறே எண்ணினார். விடியற்காலையில் பிரட்டுக்கும் பால்வெட்டுக்கும் தம்மைச் சுமந்து சென்ற பழைய கரிய மிதிவண்டியை நம்மிடம் கொண்டுவந்து, “ஐயா, முழங்கால் வலியால் மேட்டில் மிதிக்க முடியவில்லை. இதற்கு மோட்டார் போடலாமா?” என்று வினவினார். மாணவச் செல்வங்களே, அவ்வண்டியை முன்வைத்தே இப்பாடத்தைக் கற்போம்.

முதலில் நாம் ஆராய்ந்தது மோட்டாரை அன்று, பிரேக்கை. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 24 கிலோமீட்டர் வேகம் பெறுமாயின், அதன் இயக்க ஆற்றல் இருமடங்கன்று, நான்கு மடங்காகும். ஆகவே, பிரேக்கைப் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. பெரியவரின் வண்டியிலோ இரும்புக் கம்பியால் இழுபடும் பழைய பிரேக்கும், பளபளக்கும் எஃகு ரிம்மும் இருந்தன. ரிம்மின்மேல் நீர் ஊற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடித்தோம். கட்டைகள் வழுக்கின, சக்கரம் உடனே நிற்கவில்லை. மழை மிகுந்த நம் நாட்டில் இது பெருங்குறை. அலுமினிய ரிம்மை இருபுறமும் இறுகப் பற்றும் பிரேக்கோ, தட்டு பிரேக்கோ உடைய வண்டியே ஏற்றது.

அடுத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையை நோக்கினோம். சக்கரக் குடத்தினுள் அமைந்த மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, அதன் அச்சு பின்னோக்கித் திரும்ப முயலும். இவ்விசையைக் கவையின் நுனியிலுள்ள பிளவே தாங்க வேண்டும். அப்பிளவு விரிந்தாலோ முறிந்தாலோ அச்சு சுழன்று, மின்கம்பிகள் அறுந்து, சக்கரமே கழன்றுவிடக்கூடும். எஃகு வளைந்து எச்சரிக்கும். அலுமினியமோ முன்னறிவிப்பின்றி முறியலாம். ஆதலால் முன்சக்கரத்தில் மோட்டார் பொருத்துவதானால் கவை எஃகாக இருத்தல் நலம். இதை அறிய எளிய வழி உண்டு: காந்தத்தைக் கவையில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் வேறு பொருள். கவை எவ்வகையாயினும், அச்சைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும் எஃகுத் தாங்கியையும் பூட்டுவது நன்று. பெரியவரின் கவை எஃகுதான். ஆனால் பிளவுகளின் ஓரத்தைத் துரு அரித்திருந்தது.

மூன்றாவது அளவு. கவையின் இரு நுனிகளுக்கும் இடையிலுள்ள உள் அகலம் முன்புறம் 100 மில்லிமீட்டரும், பின்புறம் 135 மில்லிமீட்டரும் இருப்பின் பெரும்பாலான மோட்டார்கள் பொருந்தும். குறுகிய கவையை வலிந்து விரித்தல் தகாது. சக்கரத்தின் அங்குலக் கணக்கை மட்டும் நம்புவதும் பிழை. 26 அங்குலம் என்று கூறப்படும் சக்கரங்களிலேயே 559, 590 என வெவ்வேறு ரிம் அளவுகள் உள்ளன. டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள மூவிலக்க எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

நான்காவது மின்கலத்தின் இடம். சட்டகத்தின் முக்கோணத்தினுள் தாழ்வாக அமைந்தால் வண்டி தடுமாறாது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 36 × 10 = 360 வாட்-மணி ஆற்றல் உண்டு. கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி செலவாகுமெனின், 360 ÷ 12 = 30 கிலோமீட்டர் செல்லலாம். மேடும் சுமையும் மிகுந்தால் தூரம் குறையும்.

சட்டத்தையும் மறத்தல் கூடாது. சிங்கப்பூரில் தாமே மோட்டார் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்ட இயலாது. அங்கு ஒப்புதலும் பதிவும் பெற்ற மின்மிதிவண்டிகளுக்கு மட்டுமே இடமுண்டு. மலேசியாவில் உள்ளோர், பொருத்துவதற்கு முன்னரே ஜே.பி.ஜே. அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும்.

“இவ்வண்டிக்கு மோட்டார் வேண்டாம் ஐயா” என்று நாம் கூறியபோது பெரியவரின் முகம் வாடியது. பல்லாண்டுத் துணையைக் குறைகூற நமக்கும் மனம் வரவில்லை. எனினும், தொழிற்சாலைச் சரிவில் மழைநேரத்தில் அவர் வண்டியை நிறுத்த முடியாமற்போனால் என்னாகும்? சில வாரங்களுக்குப்பின், எஃகுக் கவையும் நல்ல பிரேக்கும் உடைய பழைய மலைமிதிவண்டி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தார். காந்தத்தை வைத்துச் சோதித்தது அவருடைய பேரனே. கரிய வண்டி மோட்டாரின்றி, சமதரையில் கடைக்குச் செல்ல இன்றும் அவருக்கு உதவுகிறது.

மாணவர்களே, வரும் விடுமுறையில் உங்கள் தந்தையாருடன் அமர்ந்து வீட்டு மிதிவண்டியை இந்நான்கு வகையிலும் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். விரைந்து செல்லும் ஆற்றலைத் தேடுமுன், நிற்கும் ஆற்றல் உண்டா என்று பார்ப்பதே அறிவுடைமை.