படுவான்கரைக்கு வரப்போகும் மருமகளுக்கு



நிதிக் கம்பனி வேலையை விட்டுவிட்டு மட்டக்களப்புப் படுவான்கரைப் பெண்கள் சங்கங்களோடு வேலைசெய்யப் போவதாக எழுதியிருந்தாய். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால், இதுவரை பழகியது எதுவும் இனி உதவாது என்றாயே, அதை நான் ஏற்கமாட்டேன். நீ பழகிய கணக்குத்தான் இங்கே பெரிதும் தேவை.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒருத்தி 50,000 ரூபாய் குழுக்கடன் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள். வருடத்துக்கு 24 வீத வட்டி, அதுவும் எடுத்த முழுத் தொகைக்கும். 62,000 ரூபாயை 52 கிழமையில் கட்டி முடிக்கவேண்டும். கிழமைக்கு ஏறத்தாழ 1,200. முதல் குறைந்துகொண்டே போகிறது, வட்டி குறைவதில்லை. கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடும். இதை ஒரு தாளில் போட்டு அவளுக்கு விளங்கவைக்க உன்னால் முடியும்.

இனி அவளுடைய வருமானத்தைப் பார். மானாவாரி வயலில் ஐப்பசி வாக்கில் விதைத்தால் மாசி, பங்குனியில்தான் அறுவடை. இடையில் மார்கழி வெள்ளம். கூலி வேலை கிடையாது, வாவியில் தோணி இறக்க முடியாத நாட்களும் உண்டு. காசு வருவது போகத்துக்கு ஒருதரம், லோன்காரர் வருவதோ கிழமைக்கு ஒருதரம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பது இங்கேதான் தொடங்குகிறது. 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தபோது, மூன்று மாதம் தவணை தவறியவர்களுக்கே அது கிடைத்தது. வயிற்றைக் கட்டி ஒழுங்காகக் கட்டியவள் வெளியே நின்றாள். அந்த அநியாயம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வேலை மாறுவது பற்றியும் ஒன்று சொல்கிறேன். சர்வோதய இயக்கத்தைத் தொடங்கிய ஆரியரத்ன கொழும்பு நாளந்தா கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். 1958இல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவக் கிராமத்துக்குச் சிரமதானத்துக்குப் போனார். அதற்குப் பிறகும் பல வருடம் படிப்பித்துக்கொண்டேதான் இருந்தார். நீயும் உடனே விலகல் கடிதம் கொடுக்காதே. லீவு நாட்களில் வந்து சங்கக் கூட்டங்களில் பின்வரிசையில் இரு. கையில் கோவையோடு வராதே. கோவையோடு ஒருவர் படலையடியில் நின்றால், "அம்மா இல்லை" என்று சொல்லப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்களுக்கு மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பிக்கொடு, பிரதேச செயலகத்துக்குக் கூடப் போ. வரிசையில் நிற்கும்போது வீட்டுக் கணக்கைத் தாங்களாகவே சொல்வார்கள்.

சம்பளம் குறையும். இந்த வேலைகளில் பல, வெளிநாட்டு நிதி இருக்கும் வரைதான். சேருமுன் திட்டம் எத்தனை மாதம் என்று கேள், ஆறுமாதச் செலவுக்குக் கையில் சேர்த்து வை. அம்மாவிடம் புதிய சம்பளத்தை மறைக்காமல் சொல்லிவிடு. நான் வந்து பேசவேண்டுமென்றால் அறுவடை முடிந்ததும் வருகிறேன்.

அன்புடன்,
மாமி