கேள்வி சிறியதாக இருக்கட்டும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்கு ‘விடுதலைப் போராட்டத்தில் தமிழகப் பெண்கள்’ என்று தலைப்பு எடுத்திருப்பதாகச் சொன்னாய். “பி.ஏ. படிக்கிறவங்க என்னத்த ஆராய்ச்சி பண்ணிடப் போறோம் அத்தை? நாலு புத்தகத்தைப் பார்த்து எழுதி, பைண்ட் பண்ணிக் கொடுத்தாப் போதும்னு சீனியர்ஸ் சொல்றாங்க” என்றாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

1982இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிரெகரி வாட்சன் என்ற இளங்கலை மாணவர் அரசியல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. நூலகத்தில் தேடியபோது, 1789இல் முன்மொழியப்பட்டுப் பாதியிலேயே நின்றுபோன ஓர் அரசியலமைப்புத் திருத்தம் அவர் கண்ணில் பட்டது. அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர்களின் சம்பளத்தை மாற்றிச் சட்டம் போட்டால், இடையில் ஒரு தேர்தல் நடந்த பிறகே அது நடைமுறைக்கு வரவேண்டும் என்பது அதன் சாரம். மாநிலங்கள் ஒப்புதல் தருவதற்கு இதற்குக் கெடு ஏதும் வைத்தார்களா என்று பார்த்தார். வைக்கவில்லை. அப்படியானால் இன்றைக்கும் ஒப்புதல் தரலாம் என்று எழுதினார். கிடைத்தது ‘சி’ கிரேடு. அவர் விடவில்லை, மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். 1983இல் மெய்ன் மாநிலம் ஒப்புதல் தந்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக வந்தன. 1992இல் அது 27ஆவது திருத்தமாக அரசியலமைப்பில் ஏறியது. 2017இல் பல்கலைக்கழகம் அந்த ‘சி’யை ‘ஏ’ என்று திருத்தியது.

அந்தக் கேள்வி எவ்வளவு சின்னது, பார். கெடு உண்டா, இல்லையா? ஆவணத்தைத் திறந்தால் விடை தெரிந்துவிடும். அதுவரை அக்கறையாகத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு, அவ்வளவுதான்.

மற்றத் துறைகளிலும் இளங்கலை மாணவர்கள் இப்படிச் செய்திருக்கிறார்கள். 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார். பாடமாகப் படித்த அணுக் கோட்பாடு பழசாகிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொல்ல, பையனுக்குப் பெரிய அதிர்ச்சி. ஆனால் அச்சுக்குப் போகவிருந்த தன் புதிய கட்டுரையின் புரூஃபையும் அவர் கொடுத்தார். அதைப் படித்து, அந்தப் புதிய முறையை வேறொரு சிக்கலில் போட்டுப் பார்த்து சந்திரசேகர் எழுதிய கட்டுரை, 1929இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. பட்டம் வாங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் பி.டெக். ப்ராஜெக்டாகச் செய்த வேலையிலிருந்துதான், ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகவும் ஐயத்துக்கு இடமில்லாமலும் சொல்லும் முறை பிறந்தது. பேராசிரியர் மணீந்திர அகர்வாலோடு சேர்ந்து 2002இல் அதை அறிவித்தார்கள்.

இனி உன் தலைப்புக்கு வருவோம். அது ஆயுள் முழுக்கச் செய்தாலும் தீராத தலைப்பு. அதனால்தான் நாலு புத்தகத்தைச் சுருக்கி எழுதத் தோன்றுகிறது. அதற்குள்ளேயே உன்னால் முடிக்கக்கூடிய ஒரு கேள்வியைப் பிடி. எனக்குத் தோன்றுவது இது: உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த 1930இல், ஒரு தமிழ் வார இதழில் ‘சுதேசி’ என்று சொல்லி விற்ற விளம்பரங்களில் எத்தனை, பெண்களைப் பார்த்துப் பேசின? சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு மனிதர் தனியாளாகச் சேர்த்த புத்தகம், இதழ், நோட்டீஸ் எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. முதலில் அங்கே போய், எந்த இதழ் வருடம் முழுக்கக் கிடைக்கிறது என்று கேட்டுக்கொள்.

ஒரு நோட்டில் கட்டம் போடு: இதழின் தேதி, பக்கம், பொருள், விலை, ‘சுதேசி’ வருகிறதா, யாரை நோக்கிப் பேசுகிறது. கடைசிக் கட்டம்தான் உன்னைப் படுத்தும். புடவை கட்டிய பெண்ணின் படம் மட்டும் இருந்தால் கணக்கில் சேர்ப்பாயா? ‘உங்கள் மனைவிக்கு வாங்குங்கள்’ என்றிருந்தால்? எண்ணத் தொடங்கும் முன்பே விதியை எழுதி வைத்துவிடு. நடுவில் மாற்றினால் முதல் இதழிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். அலுப்பாக இருந்தாலும் எண்ணு. பெண்களை நோக்கிய விளம்பரம் அநேகமாக இல்லை என்று முடிந்தால் மனம் உடையாதே. அதுவும் ஒரு கண்டுபிடிப்பு, அப்படியே எழுது. வேண்டிய விடை வருவதற்காக ஓர் எண்ணைக்கூடத் தொடாதே. ப்ராஜெக்ட் சென்டர் பக்கம் எட்டியும் பார்க்காதே. காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டை வைத்துக்கொண்டு வைவாவில் உன் ஆசிரியர் முகத்தைப் பார்க்க உனக்குக் கூசும்.

இதை உன் அறைத்தோழிக்கும் சொல். அவள் வேதியியல்தானே? தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுகளுக்குப் பணம் தருகிறது. துறைத்தலைவரிடம் விசாரிக்கச் சொல். பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரு அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகையும் உண்டு. இரண்டு மாதம் ஓர் அறிவியலாளரிடம் இருந்து வேலை பழகலாம்.

மறுபடி உன் நோட்டுக்கு வருகிறேன். எண்ணுவதை இன்னொருவர் சரிபார்த்தால்தான் நம்பலாம். முதல் நாலு இதழ்களை முடித்ததும் உன் விதிகளையும் அந்தப் பக்கங்களின் படத்தையும் எனக்கு அனுப்பு. ஆனால் உன் எண்ணிக்கையை அனுப்பாதே. நான் தனியாக எண்ணிவிட்டுக் கூப்பிடுகிறேன். எங்கெங்கே வேறுபடுகிறோம் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை