மெட்டி கறுக்கவில்லை, ஆனாலும் காளான் விஷம்தான்



ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் கிராமத்தில் பிறந்த நம் எல்லோருக்கும் காளான் ஞாபகம் வரும். கறிக்குழம்பு மாதிரியே மணக்கும், காசு செலவும் இல்லை. இந்த மாதப் பாடம் தானாக முளைக்கும் காளானைப் பற்றியது. இதை எழுத ஒரு காரணம் உண்டு. அதில் எங்கள் தப்பும் இருக்கிறது.

நடந்தது என்ன?

வண்ணாரப்பேட்டையில் நம் குழு உறுப்பினர் ஒருவர், ஜவ்வாது மலை அடிவாரத்துக் கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அம்மாவோடு போய்க் காளான் பறித்தவர். மழை விட்ட ஒரு நாள், வாடகை வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் வெள்ளை வெள்ளையாகக் குடை விரித்திருந்ததைப் பார்த்தார். முந்தானை நிறையப் பறித்து வந்தார். மஞ்சள் போட்டுக் கழுவினார். கொதிக்கும்போது வெள்ளி மெட்டியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். கறுக்கவில்லை. ராத்திரி நாலு பேரும் சாப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் நாலு பேருக்கும் வாந்தி, பேதி. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நல்லவேளை, மூன்றாம் நாள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். கூலி போனது, செலவுக்குக் குழுவில் ரூ.3,000 உள்கடன் வாங்க வேண்டியிருந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "மேடம், சத்துணவுப் பயிற்சியில மெட்டி கறுக்கலைன்னா சாப்பிடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

எங்களால் பதில் பேச முடியவில்லை. சொன்னது உண்மைதான். யாரோ சொல்லக் கேட்டதை, சரிபார்க்காமல் நாங்கள் உங்களுக்குச் சொல்லிவிட்டோம். அதைத் திருத்தத்தான் இந்தப் பாடம்.

காளான் என்பது என்ன?

காளான் செடி இல்லை. பூஞ்சணத்தின் காய் மாதிரி. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, அப்படி. மரம் நம் கண்ணுக்குத் தெரியும். பூஞ்சணமோ மண்ணுக்குள்ளும் மக்கின மரத்துக்குள்ளும் நூல் நூலாகப் படர்ந்து கிடக்கும். மழை ஈரம் பட்டதும் காளானாக வெளியே தலைகாட்டும். காட்டில் விழுந்த இலையையும் கட்டையையும் மக்க வைத்து மண்ணுக்கு உரமாக்குவது இந்தப் பூஞ்சணங்கள்தான். அதனால் விஷக் காளான் என்றாலும் மிதித்து அழிக்க வேண்டியதில்லை. தொட்டாலும் விஷம் ஏறாது. வாயில் போடாமல் இருந்தால் போதும்.

நம் ஊரில் பேர்போனது புற்றுக் காளான். கறையான்கள் புற்றுக்குள்ளே ஒரு பூஞ்சணத்தைப் பயிர் செய்து வளர்த்து அதையே தின்கின்றன. அந்தப் பூஞ்சணம் மழைக்கு வெளியே விடுவதுதான் புற்றுக் காளான். தோண்டிப் பார்த்தால் அடித்தண்டு வேர் மாதிரி நீளமாகப் புற்றுவரை போகும்.

ஊரில் தெரிந்தது இங்கே ஏன் பலிக்கவில்லை?

அந்த உறுப்பினரின் அம்மாவுக்குக் காளான் நன்றாகத் தெரியும். எந்தப் புற்று, எந்த மாதம், அடித்தண்டு எப்படி இருக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகினவர். அது உண்மையான படிப்பு. ஆனால் அது அந்த மண்ணின் படிப்பு. வண்ணாரப்பேட்டை காலி மனையில் முளைத்தது வேறு காளான், பார்க்க மட்டும் அதே ஜாடை. புல்தரையிலும் காலி இடத்திலும் வருகிற ஒரு வெள்ளைக் குடைக்காளான் உண்டு. முற்றினால் குடைக்கு அடியில் பச்சையாக மாறும். இளசாக இருக்கும்போது அடியும் வெள்ளைதான். தின்றால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி வரும்.

அமெரிக்காவில் குடியேறிய தென்கிழக்கு ஆசிய மக்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. தங்கள் ஊர் வைக்கோல் காளான் என்று நினைத்து, அங்கே முளைத்த கொடிய விஷக் காளானைத் தின்று உயிரை விட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. 2022 ஏப்ரலில் அஸ்ஸாம் மாநிலத்தில் காட்டுக் காளான் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள். தேயிலைத் தோட்டக் குடும்பங்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டன.

நாம் நம்பும் சோதனைகள்

1. வெள்ளி கறுக்கும், மஞ்சளும் பூண்டும் நிறம் மாறும் என்பது தவறு. காளான் விஷத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.
2. பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பது தவறு. பூச்சிக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ளாது.
3. வெள்ளை நல்லது, சிவப்பு விஷம் என்பது தவறு. ஆளைக் கொல்லும் காளான்களில் பால் மாதிரி வெள்ளையானதும் உண்டு.
4. கொதிக்க வைத்தால், காய வைத்தால் விஷம் போகும் என்பது தவறு. கல்லீரலைத் தாக்கும் விஷம் கொதித்தாலும் போகாது, காய்ந்தாலும் போகாது.
5. நாய்க்குடை வேறு, காளான் வேறு, பார்த்தாலே தெரியும் என்பதும் தவறு. தெரிந்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

இன்னொன்று: காளான் மண்ணில் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரயில் தண்டவாளம், தொழிற்சாலைச் சுவர், சாம்பல் கொட்டிய இடம் ஆகியவற்றின் பக்கத்தில் முளைத்தது நல்ல இனமாகவே இருந்தாலும் வேண்டாம்.

நேரத்தைக் கவனியுங்கள்

இதுதான் பாடத்தில் முக்கியம். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வந்தால் பெரும்பாலும் வயிற்றைத் தாக்கும் விஷம். 6 மணி நேரம் கழித்து, மறுநாள்கூட, வாந்தி பேதி ஆரம்பித்தால் அது கல்லீரலைத் தாக்கும் விஷமாக இருக்கலாம். அதில் ஒரு மோசம் உண்டு. ஒரு நாள் வாந்தி எடுத்துவிட்டு, ஆள் தேறின மாதிரி எழுந்து உட்காருவார். 'சரியாப்போச்சு' என்று நாமும் விட்டுவிடுவோம். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு நாளில் மஞ்சள் காமாலை வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அதனால் வாந்தி எப்போது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்கு போன் செய்யுங்கள். வடசென்னையில் இருப்பவர்களுக்கு அரசு ஸ்டான்லி மருத்துவமனை பக்கம்தான். கிராமத்தில் இருப்பவர்கள் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி வராதவர்கள் உட்பட, சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம்.

காளான் ஆசை விடவில்லையா?

கடையில் விற்பது பயிர் செய்த காளான். சிப்பிக் காளானையும் பால் காளானையும் வைக்கோலில் நாமே வளர்க்கலாம். பால் காளான் நம் வெயிலைத் தாங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை வளர்க்கும் முறையைச் சொல்லித் தருகிறது. திருவள்ளூர் மாவட்டக் குழுக்கள் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

- நம் குழுவில் மழைக்குப் பிறகு காளான் பறிப்பவர்கள் யார்? எங்கே பறிக்கிறார்கள்?
- மெட்டிச் சோதனையை யாரிடம் கற்றோம்? யாருக்குச் சொல்லிக்கொடுத்தோம்?
- ராத்திரி அவசரம் என்றால் யார் வண்டி ஏற்பாடு செய்வது?

இரண்டாவது கேள்விக்கு எங்கள் பெயரையும் தாராளமாகச் சொல்லுங்கள். நாங்கள் தவறாகச் சொன்னதை யார் யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடமெல்லாம் இந்தப் பாடத்தையும் படித்துக் காட்டுங்கள்.