வெளிநாட்டில் இருப்பவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது எப்படி?



வங்கியில் கடன் கேட்டால் மேலாளர் முதலில் எதைப் பார்ப்பார்? தீர்மான நோட்டையும் வரவு செலவுக் கணக்கையும்தான். நம் குழு ஒழுங்காக நடந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. வேலைக்கோ மேல்படிப்புக்கோ போகும் நம் பிள்ளைகளிடமும் இப்படி ஒரு சாட்சி கேட்கிறார்கள். அதுதான் பரிந்துரைக் கடிதம். "இவர் என் மேற்பார்வையில் இன்ன வேலை செய்தார், இப்படிச் செய்தார்" என்று வேலை வாங்கியவர் எழுதித் தருவது.

அவர் வெளிநாட்டுக்காரராக இருந்து ஊர் திரும்பிவிட்டால் என்ன செய்வது? நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அப்போது அந்தப் பெண் கல்லூரியில் முதல் வருடம். நிவாரணத்துக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, சேதமான வீடுகளைக் கணக்கெடுத்தாள். ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் அம்மாதான் மேற்பார்வையாளர். 2019 ஜூனில் வேலை முடிந்து அலுவலகத்தை மூடினார்கள். அந்த அம்மாவும் ஊருக்குப் போய்விட்டார்.

2023ல் அவள் சமூகப்பணி பட்டம் முடித்து ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். "சான்றிதழ் அவசரமாக அனுப்பவும்" என்று ஒரே வரியில் அந்த அம்மாவுக்கு ஈமெயில் போட்டாள். பத்து நாள் ஆகியும் பதில் இல்லை. "நாலு வருஷம் ஆச்சுக்கா, அவங்களுக்கு என்னை எங்க ஞாபகம் இருக்கப் போகுது? தொந்தரவு பண்றோமோன்னு கூச்சமா இருக்கு" என்று கண்கலங்கினாள்.

அவள் அனுப்பியதைப் படித்தேன். ஊர் பெயர் இல்லை. என்ன வேலை பார்த்தாள் என்று இல்லை. கடைசித் தேதியும் இல்லை. எத்தனையோ பிள்ளைகளோடு வேலை பார்த்தவருக்கு இதை வைத்து எப்படி நினைவு வரும்? நினைவுபடுத்துவது கேட்பவர் பொறுப்பு. உட்கார்ந்து மறுபடி எழுதினோம்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை:

1. நீங்கள் யார்? பெயர், ஊர், வேலை பார்த்த மாதம், வருடம். சேர்ந்து எடுத்த போட்டோ இருந்தால் இணைக்கலாம்.
2. அவரிடம் செய்த வேலைகள், இரண்டு மூன்று வரியில்.
3. இப்போது எதற்காகக் கேட்கிறீர்கள்? வேலை விவரமும் உங்கள் பயோடேட்டாவும்.
4. கடைசித் தேதி என்ன? கடிதத்தை உங்களிடம் தர வேண்டுமா, நேராக அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமா?
5. "உங்களால் முடியாவிட்டால் சொல்லுங்கள், வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி. இது மரியாதை. நமக்கும் நாள் வீணாகாது.

எளிய ஆங்கிலம் போதும். குறைந்தது மூன்று வாரம் முன்பே கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்துப் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். போன் செய்வதானால் நேரம் பாருங்கள். நமக்குக் காலை 9 மணி என்றால் ஜெர்மனியில் குளிர்காலத்தில் அதிகாலை 4.30, கோடைக்காலத்தில் 5.30. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அங்கே பல அலுவலகங்கள் விடுமுறையில் இருக்கும்.

எழுதும்போது ஒரு விஷயம் நடந்தது. "ஒரு வருடம் வேலை பார்த்தேன்" என்று போட்டிருந்தாள். கணக்குப் பார்த்தால் ஏழு மாதம்தான். "எல்லாரும் கூட்டித்தானேக்கா போடுறாங்க" என்றாள். தீர்மான நோட்டில் வராதவர் கையெழுத்தைப் போடுவோமா? ஏழு மாதம் என்றே எழுதினோம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்த அம்மா பழைய டைரியை எடுத்துத் தேதிகளைச் சரிபார்த்திருந்தார். நாங்கள் எழுதாத ஒன்றையும் சேர்த்திருந்தார். அண்ணன் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு இருந்த ஒரு விதவைக்குத் தனிக் கதவு எண் இல்லை என்று பட்டியலில் விட்டுவிட்டார்களாம். இவள்தான் விடாமல் பேசிப் பேசி அந்தப் பெயரைச் சேர்க்க வைத்தாளாம். அவளே மறந்துபோன விஷயம் அது! படித்துவிட்டு அம்மாவும் மகளும் அழுதுவிட்டார்கள்.

அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா சம்மதத்தோடு அடுத்த விண்ணப்பத்திலும் அவர் பெயரைக் கொடுத்தாள். அங்கே வேலை கிடைத்தது. இரண்டு முறையும் முடிவைச் சொல்லி நன்றி எழுதினாள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

எச்சரிக்கை: நாமே கடிதம் எழுதி அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது குற்றம். "கடிதம் வாங்கித் தருகிறேன், பணம் கொடு" என்பவரை நம்பாதீர்கள். தன்னார்வ வேலையில் சேரும் பிள்ளைகள், முடிக்கும் அன்றே கடிதத்தையும் மேற்பார்வையாளரின் சொந்த ஈமெயில் முகவரியையும் வாங்கி வைக்க வேண்டும்.

கேட்கக் கூச்சம் வேண்டாம் தோழிகளே. உழைத்தது உண்மை, அதற்குச் சாட்சி கேட்கிறோம்.

குழுக் கூட்டத்தில் பேச:
- நம் பிள்ளைகளில் யார் யார் தன்னார்வ வேலை செய்திருக்கிறார்கள்? அதற்குக் கடிதம் இருக்கிறதா?
- அவர்களின் உழைப்பை நேரில் பார்த்தவர் யார்? அவர் முகவரி நம்மிடம் உண்டா?