சந்தையை அறிய வினாப்பட்டியல்

பயிர் செய்வதில் நம் விவசாயிகளுக்குள்ள தேர்ச்சி உலகறிந்தது. ஆனால் விளைபொருளை யார், எவ்வளவு, என்ன விலைக்கு வாங்குவர் என்பதை முன்கூட்டி விசாரித்தறியும் வழக்கம் நம்மிடையே குறைவு. இவ்விசாரணைக்கு உற்ற கருவி வினாப்பட்டியலே.

பனவடலிசத்திரம் வட்டாரத்து மகளிர் சுய உதவிக் குழு ஒன்று, உளுந்தைப் பருப்பாக உடைத்துச் சங்கரன்கோவிலில் விற்க எண்ணுவதாகக் கொள்வோம். இயந்திரத்திற்கு வங்கிக் கடன் வேண்டும். கடன் வாங்குமுன் கேட்டறிய வேண்டுவன யாவை?

முடிவுக்கு உதவும் கேள்வி

எத்தனை கிலோ உடைப்பது, பொட்டலம் எந்த அளவில் போடுவது, என்ன விலை வைப்பது ஆகியவையே குழு எடுக்கவேண்டிய முடிவுகள். இவற்றுள் ஒன்றுக்கேனும் உதவாத கேள்வியை நீக்கிவிடலாம்.

நடந்ததைக் கேட்டல்

"நல்ல பருப்புக் கொடுத்தால் வாங்குவீர்களா?" என்றால், வீடு தேடி வந்தவர் மனம் கோணாதிருக்க எவரும் "ஆம்" என்பர். அந்த "ஆம்" கடன் தவணையைக் கட்டாது. "கடைசியாக எப்போது, எங்கே, எத்தனை கிலோ வாங்கினீர்கள்? என்ன விலை கொடுத்தீர்கள்?" என்று கேட்பதே முறை. "பருப்பு தரமாகவும் மலிவாகவும் இருக்கிறதா?" என்று இரண்டை ஒன்றாக்கிக் கேட்டால், பதில் எதற்குரியது என்பது விளங்காது.

கால அளவு

1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, குடும்பச் செலவை முப்பது நாள் கணக்காகக் கேட்டு வந்தது. 1990-களில் உணவுச் செலவை ஏழு நாள் கணக்காகவும் கேட்டுச் சோதித்தபோது, செலவு கூடுதலாகத் தெரிந்தது. 1999-2000-இல் ஒரே குடும்பத்திடம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கேட்டனர். ஒரு பதில் மற்றதைப் பாதித்ததென்றும், நாட்டில் வறியோர் எத்தனை பேர் என்ற கணக்கே ஐயத்துக்குரியதாயிற்றென்றும் அறிஞர் வாதிட்டனர். கேள்வியின் கால அளவு விடையையே மாற்றும் என்பதற்கு இது சான்று. மளிகைப் பருப்புக்கு ஒரு மாதமும் காய்கறிக்கு ஒரு வாரமும் பொருந்தும். எல்லா வீட்டிலும் ஒரே அளவாகக் கேட்பது அவசியம்.

யாரைக் கேட்பது?

வீட்டில் சாமான் வாங்குபவரையே கேட்க வேண்டும். எல்லாத் தெருக்களிலும், வாங்காதவரிடமும் கேட்க வேண்டும். இன்று பல வீடுகளில் உளுந்து வாங்காமல் அரைத்த மாவே வாங்குகின்றனர். எனவே மாவு விற்போரையும் உணவு விடுதியாரையும் விட்டுவிட்டால் பெரிய வாங்குநரையே விட்டவராவோம். கடைக்காரரிடம் ரொக்கமா, கடனா என்பதையும் கேட்டறிதல் நலம்.

எளிய கேள்விகள் முதலிலும், வருமானம் பற்றியவை இறுதியிலும் அமையட்டும். முதலில் பத்து வீடுகளில் கேட்டுப் பார்த்து, விளங்காத சொற்களைத் திருத்திய பின்னரே பட்டியலை அச்சிட வேண்டும்.

உறுப்பினர் கடமை

தாளும் பேனாவுமாக ஒருவர் வந்தால், உதவித்தொகை வருமென்று சிலர் வருமானத்தைக் குறைத்துச் சொல்வர்; ரேஷன் அட்டை போய்விடுமென்று சிலர் வாய் திறவார். "இஃது அரசுக் கணக்கெடுப்பு அன்று, குழுவின் வியாபாரத்துக்கான விசாரணை" என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்னதாகவே தெருத்தோறும் எடுத்துரைத்தல் வேண்டும்.

விசாரணையின் முடிவில் "இத்தொழில் இங்கே ஆகாது" என்று தெரியவந்தால் வருந்த வேண்டுவதில்லை. செலவான தாளின் விலை சிறிது. தப்பிய கடன் பெரிது.